விக்டோரியாவுக்கு முந்தி

உம்மு குல்சும் ராத்தாவின் குடும்பத்தில் காலத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒன்று விக்டோரியாவுக்கு முந்தி, மற்றது விக்டோரியாவுக்குப் பிறகு. அவருடைய நானா, அதாவது அண்ணன், பிறந்தது எப்போது என்று கேட்டால் "விக்டோரியாவுக்குப் பன்னெண்டு வருசம் முந்தி" என்பார். சின்ன மாமியின் கலியாணம் "விக்டோரியா வந்த மறு வருசம்" நடந்தது. விக்டோரியா என்பது மகாவலியை மறித்துக் கட்டிய அணை. எண்பத்து நான்கில் தண்ணீர் நிரம்பி, பழைய தெல்தெனிய நகரம் அடியில் போனது. அவர்களுடைய வீடும் வாப்பாவின் புடவைக்கடையும் அதோடு போயின. அப்போது ராத்தாவுக்கு ஏழு வயது. குடும்பம் உம்மாவின் ஊரான அக்குறணைக்கு வந்து சேர்ந்தது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததைக் கேட்டு நீங்களும் என்னைப் போல அவரைத் திட்டிவிடுவீர்கள்.

நான் துஷ்யந்தி. அம்பிட்டியவில் வீடு, மாநகர சபையில் எழுதுவினைஞர் வேலை. ராத்தா எனக்கு உறவில்லை. முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள், எங்கள் வகுப்பில் எல்லோருமே அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில், கீழே சப்பாத்துக் கடையும் மேலே வகுப்புமாக இருந்த ஒரு கட்டடத்தில், சனி ஞாயிறுகளில் ஆங்கில டிப்ளோமா படித்தோம். நான் படித்தது பதவி உயர்வுக்காக. ராத்தா படித்தது நாற்பத்தொரு பிள்ளைகளுக்காக.

அக்குறணைக்கு அருகில் ஒரு சிறிய பாடசாலையில் அவர் பதினான்கு வருடமாகத் தொண்டர் ஆசிரியை. நான்காம் ஆண்டுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறார். போன வருடம் புது நிபந்தனை வந்தது: டிப்ளோமா இல்லாதவர்கள் இந்த வருட முடிவோடு ஆங்கில வகுப்பை ஒப்படைக்க வேண்டும். எழுத்துப் பரீட்சையில் ராத்தா முதல் தடவையே தேறிவிட்டார். வாய்மொழிப் பரீட்சையில் இரண்டு தடவை விழுந்தார். மூன்றாவது தடவைதான் கடைசி, நான்காவது கிடையாது. அதில் விழுந்தால் வகுப்பு கையை விட்டுப் போய்விடும்.

ஒரு மொழிக்கு நான்கு திறன்கள் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல். ராத்தா வாசிப்பார், தடித்த புத்தகத்தைக்கூட ஒரு கிழமையில் முடித்துவிடுவார். எழுதுவார், கையெழுத்து அச்சுப் போல இருக்கும். கேட்பார், வானொலியில் ஆங்கிலச் செய்தி ஓடும்போது ரொட்டி சுட்டுக்கொண்டே தன் கணவர் ரஸீனுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு போவார். பேச மட்டும் மாட்டார். "குட் மோர்னிங்" என்று சொல்வதற்குக்கூட ஒரு முறை எச்சில் விழுங்குவார்.

"உள்ளுக்கு எல்லாம் ஈக்கி துஷ்யந்தி. வாய்க்கு வார இல்ல" என்றார் ஒரு நாள்.

"வாய் இருந்தால் வங்காளம் போகலாம்னு சொல்வாங்க ராத்தா. நீங்க பக்கத்துல இருக்கிற கட்டுகஸ்தோட்டைக்கே போக மாட்டீங்க போல இருக்கே" என்றேன். என் வாய் அப்படிப்பட்டது. அவர் கோபப்படவில்லை. எல்லோரையும் விட நன்றாகச் சிரித்தவர் அவர்தான்.

இலக்கியம் நடத்தியவர் இராமநாதன் சேர். ஆங்கில இலக்கியத்தின் காலகட்டங்களை அவர் கரும்பலகையில் ரயில் பாதையாகப் போட்டார். கண்டியில் ஏறினால் பழைய ஆங்கிலம். வாளும் கப்பலும் கடல்குளிரும், ஒரு சொல்லும் நமக்கு விளங்காது. பேராதனைச் சந்தியில் இடைக்காலம்; யாத்திரை போகிறவர்கள் ஏறிக் கதை பேசுவார்கள். கடுகண்ணாவையில் மறுமலர்ச்சி, அங்கே மலை திறந்து உலகமே தெரியும், நாடகம் நடக்கும். றம்புக்கனையில் அறிவொளிக் காலம்; எல்லாம் சமதரை, எல்லாம் ஒழுங்கு, கிண்டல் மட்டும் கூர்மை. பொல்காவெலையில் ரொமான்டிக் காலம். ஜன்னலுக்கு வெளியே பார்த்துப் பெருமூச்சு விட வேண்டும். வெயாங்கொடையில் விக்டோரியா காலம். புகை, ஆலை, ஏழைப் பிள்ளைகள், தொடர்கதையாக வந்த பெரிய நாவல்கள். கொழும்புக் கோட்டையில் நவீனம். இறங்கினால் யாருக்கும் யாரையும் தெரியாது.

விக்டோரியா என்ற பெயரைக் கேட்டதும் ராத்தா என் பக்கம் சாய்ந்து, "எங்கட ஊட்டுலயும் இந்தக் காலம் ஈக்கி" என்றார். இருவரும் சிரித்து, சேரிடம் முறைப்பு வாங்கினோம். அப்போது அது வெறும் பகிடி.

அந்த ரயில் பாதையை அவர் கரைத்துக் குடித்தார். எந்த நிலையத்தில் எந்த வருடம், எந்த ராஜா, எந்த ராணி, என்ன மாதிரிக் கவிதை, எல்லாம் தலைகீழ்ப் பாடம். நான் றம்புக்கனையையும் பொல்காவெலையையும் எப்போதும் மாற்றிப் போடுவேன், அவர்தான் திருத்துவார். தமிழில்தான் திருத்துவார்.

முதல் இரண்டு வாய்மொழிப் பரீட்சைகளிலும் நடந்தது ஒன்றேதான். பரீட்சகர் கேட்டார், ராத்தா பார்த்துக்கொண்டிருந்தார், நேரம் முடிந்தது. பெறுபேற்றோடு ஒரு குறிப்புத் தாள் தருவார்கள். இரண்டு தாளிலும் 'பேசுதல்' என்ற கட்டத்தில் 'பதில் இல்லை' என்று எழுதியிருந்தது. அவற்றை அவர் அலுமாரியில் குர்ஆன் தட்டுக்குக் கீழே மடித்து வைத்திருந்தார். ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்டேன்.

"எனத்துக்கு கிழிக்க? மெய்தானே எழுதி ஈக்கிறாங்க" என்றார்.

பிறகு அவரே சொன்னதுதான் என்னை உறுத்தியது. தன் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். நாற்பத்தொரு பேரும் வாசிப்பார்களாம், எழுதுவார்களாம், சொல்வதெழுதலில் பிழை விடமாட்டார்களாம். ஆனால் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர், "உன் பெயர் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டபோது ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் ராத்தாவின் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

"என்னப் போலயே நாப்பத்தொண்டு செஞ்சி வெச்சிருக்கேன்" என்றார். அன்று அவர் சிரிக்கவில்லை. இந்தத் தடவை அவர் தேற வேண்டும் என்று நான் என் பதவி உயர்வை விட அதிகமாக விரும்பத் தொடங்கியது அன்றுதான்.

பயிற்சி கொடுக்கிறேன் பேர்வழி என்று இரண்டு மாதம் அவரைப் படாத பாடு படுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் வாவிக்கரையில் நடந்துகொண்டே ஆங்கிலத்தில் கேள்வி கேட்பேன். அவர் மீன்களைப் பார்ப்பார். "ஒரு வசனம் ராத்தா. ஒரே ஒரு வசனம்" என்று கெஞ்சுவேன். "வெக்கமா ஈக்கி" என்பார். "இங்க நானும் இந்தக் கொக்கும்தான் இருக்கோம். கொக்குக்கு இங்கிலீஷ் தெரியாது" என்பேன். ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. அக்குறணையில் மழை என்றால் கடைக்காரர்கள் வானத்தைப் பார்க்கமாட்டார்கள், ஊர் நடுவே ஓடும் ஆறான ஓயாவைத்தான் பார்ப்பார்கள். ரஸீன், தங்கள் கடைக்குள் தண்ணீர் வருகிறது என்று தொலைபேசியில் கூப்பிட்டார். ராத்தா பதறவில்லை. கீழ்த்தட்டுச் சாமான்களை எந்த வரிசையில் மேலே ஏற்ற வேண்டும் என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, குடையை விரித்தார். தண்ணீருக்குப் பயப்படாத மனுசி ஒரு வசனத்துக்குப் பயப்படுகிறாரே என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

பரீட்சை நாள் வந்தது. எங்கள் வகுப்புக் கட்டடத்திலேயே நடந்தது. வாய்மொழிப் பரீட்சைக்கு இருவர் இருவராகத்தான் உள்ளே விடுவார்கள். பெயர்ப் பட்டியலில் எங்கள் இருவரையும் ஒன்றாகப் போட்டிருந்தார்கள். முருகன் செயல் என்று நினைத்தேன். ராத்தா ஏதோ ஓதி நெஞ்சில் ஊதிக்கொண்டார்.

உள்ளே இரண்டு பரீட்சகர்கள். ஒசரி என்ற கண்டிச் சேலை கட்டிய, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு அம்மையார். பக்கத்தில் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு மனிதர், அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறவர். முதலில் என்னைக் கேட்டார்கள். எனக்கு மறுமலர்ச்சி வந்தது. கடுகண்ணாவை மலையை நினைத்துக்கொண்டு மடமடவென்று ஒப்புவித்தேன். அம்மையார் தலையசைத்தார். ஆனால் கொட்டாவியையும் விழுங்கினார், நான் கண்டேன்.

பிறகு ராத்தா பக்கம் திரும்பினார். முதலில் சாதாரணக் கேள்வி: பிறந்த ஊர் எது?

நான் மேசைக்குக் கீழே அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தெல்தெனிய" என்றார் ராத்தா. ஒரு சொல்தான். ஆனால் சொல்லிவிட்டார். இரண்டு தடவை முடியாதது இப்போது நடந்தது. எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போல இருந்தது.

அம்மையார் அடுத்த கேள்வித் தாளைப் புரட்டி, ஆங்கிலத்தில் தெளிவாக வாசித்தார். "விக்டோரியாவின் காலத்தில் சாதாரண மக்களின் வாழ்க்கை எப்படி மாறியது?"

வெயாங்கொடை! என் மனம் துள்ளியது. ராத்தாவுக்குத் தூக்கத்திலும் வரும் பகுதி. ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தேழில் ராணி முடிசூடியதில் தொடங்கினால் போதும்.

ராத்தா அம்மையாரை நிமிர்ந்து பார்த்தார். வாயில் 'தெல்தெனிய' இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: "விக்டோரியா வரும்போது எனக்கு ஏழு வயது."

கழுத்துப்பட்டிக்காரர் நிமிர்ந்தார். மனுசி வேறு ரயிலில் ஏறிவிட்டார்! கையை நசுக்கினேன். அவர் என் கையை உதறிவிட்டார். பேசுவதற்கு அவருக்குக் கை தேவைப்பட்டது.

பேசினார். தண்ணீர் வெள்ளம் போல வரவில்லை, என்றார். மெதுவாக வந்தது. முதல் வெள்ளிக்கிழமை கீழ் வயலில் நின்றது. அடுத்த வெள்ளிக்கிழமை மதகடியில். வாப்பா ஒவ்வொரு நாளும் காலையில் கடைப்படியில் வெண்கட்டியால் ஒரு கோடு போட்டார். மாலையில் அந்தக் கோடு தண்ணீருக்குள் இருக்கும். ஆட்கள் கதவைக் கழற்றினார்கள், ஜன்னலைக் கழற்றினார்கள், லொறியில் ஏற்றினார்கள். கதவில்லாத வீடுகளுக்குள் நாங்கள் பிள்ளைகள் ஓடி விளையாடினோம். எங்களுக்குச் சந்தோசம். பெரியவர்கள் அழுதது எங்களுக்கு விளங்கவில்லை. பிறகு பள்ளிக்கூடத்துக் கூரையைக் கழற்றினார்கள். ஒரு நாள் முழுவதும் வானத்துக்குக் கீழே படித்தோம், டீச்சர் குடை பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டார்.

காலங்களை நான்தான் திருத்திச் சொல்கிறேன். இறந்தகாலம் ஒன்றும் அவருடைய ஆங்கிலத்தில் இல்லை. தண்ணீர் வருகிறது, நாங்கள் போகிறோம், வாப்பா கோடு போடுகிறார் என்று எல்லாம் இப்போதே நடந்துகொண்டிருந்தது. ஒருமை பன்மை தாறுமாறு. ஆனால் அந்த அறையில் ஒருவரும் அசையவில்லை. கழுத்துப்பட்டிக்காரர் குறுக்கிட வாயெடுத்தார். அம்மையார் அவரைப் பார்க்காமலே கையை உயர்த்தித் தடுத்தார்.

"என்னுடைய முதல் இஸ்கூல் தண்ணீருக்குள் இருக்கிறது" என்றார் ராத்தா. ஸ்கூல் என்று வரவில்லை, இஸ்கூல் என்றுதான் வந்தது. "புது ஊரில் புது இஸ்கூல். இங்கிலீஷ் டீச்சர் கேட்டார், முன்பு எங்கே படித்தாய் என்று. நான் சொன்னேன், மை இஸ்கூல் தெல்தெனிய. எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். அதற்குப் பிறகு நான் இங்கிலீஷ் பேசவில்லை. இன்றைக்குத்தான் பேசுகிறேன். விக்டோரியா வந்து எங்கள் வாழ்க்கை இப்படித்தான் மாறியது."

தெல்தெனியவில் சிங்களவரும் முஸ்லிம்களும் கலந்து வாழ்ந்தார்கள். சிங்களத்தில் பள்ளிக்கூடம் 'இஸ்கோலே'தான். அந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சொல் வேறெப்படி வரும்? இந்தக் காரணத்தை அவர் ஒருவருக்கும், எனக்கும்கூட, சொன்னதில்லை. வாவிக்கரையில் நான் செய்த கிண்டல்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வெட்கமாக இருந்தது.

கழுத்துப்பட்டிக்காரர் தொண்டையைச் செருமினார். "ஆனால் நாங்கள் கேட்டது இங்கிலாந்து ராணியின் காலத்து இலக்கியத்தைப் பற்றி" என்றார்.

ராத்தா வாயைத் திறந்தார், மூடினார். வெளியே மணி அடித்தது. அம்மையார் குனிந்து ஏதோ எழுதினார். "நீங்கள் போகலாம்" என்றார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

படியிறங்கி வீதிக்கு வந்ததும் நான் கொட்டித் தீர்த்தேன். வெட்கப்பட்டது ஐந்து நிமிடம்கூட நிலைக்கவில்லை, அதுதான் என் குணம். "விக்டோரியா ராணி ராத்தா! ராணி! ரெண்டு வருசமா தலைகீழ்ப் பாடம் வச்சிருந்தீங்களே! கையை அந்த நசுக்கு நசுக்கினேன், உங்களுக்கு உறைக்கலையா?" சப்பாத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ராத்தா சுவரில் சாய்ந்து நின்றார். கண்ணில் நீர் கட்டியிருந்தது. பிள்ளைகளின் பெயர்களை முணுமுணுத்தார் என்று நினைக்கிறேன். பிறகு திடீரென்று கேட்டார்:

"நா எவ்வளவு நேரம் பேசின?"

"என்ன?"

"உள்ளுக்கு. எவ்வளவு நேரம் பேசின?"

யோசித்தேன். "எட்டு நிமிசம் இருக்கும்."

"எட்டு நிமிசம்" என்றார். அக்குறணை பஸ் வந்தது. கைப்பையை அணைத்துக்கொண்டு ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கை காட்ட மறந்துவிட்டார்.

ஆறு கிழமை கழித்துப் பெறுபேறு வந்தது. நான் தேறியிருந்தேன். என் குறிப்புத் தாளில் 'இலக்கிய அறிவு நன்று. பேச்சு, மனப்பாடம் போல இருக்கிறது' என்று எழுதியிருந்தது. யார் கேட்டது இவர்களுடைய அபிப்பிராயத்தை என்று தாளை மடித்துப் பைக்குள் திணித்தேன். ராத்தாவைக் கூப்பிடத் தைரியம் வரவில்லை. மத்தியானம் அவரே கூப்பிட்டார். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

"துஷ்யந்தி, இலக்கியத்துக்கு இருவதுக்கு ஏழு."

"ஐயோ ராத்தா."

"பொறுங்க. பேசுதலுக்கு இருவதுக்கு பதினெட்டு. ரெண்டையும் கூட்டினா பாஸ்."

அலுவலகத்தில் இருக்கிறேன் என்பதையும் மறந்து கத்திவிட்டேன். பக்கத்து மேசை கணேஸ் தேநீரைச் சிந்திவிட்டார். எனக்குப் பேச்சுக்குப் பதின்மூன்று என்பதை ராத்தாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

வகுப்பு இனி அவருடையதுதான், எந்தக் காகிதமும் அதைப் பிடுங்க முடியாது என்று நான் பேசிக்கொண்டே போனேன்.

"அதில்ல துஷ்யந்தி" என்றார் கடைசியில். "பேசுதல் கட்டத்துக்குள்ள கையால எழுதி ஈக்கிறாங்க. வாசிக்கிறேன் கேளுங்க."

ஆங்கிலத்தில் வாசித்தார், எச்சில் விழுங்காமல். அம்மையார் எழுதியிருந்தது இதுதான்: 'ஒரு சிறு திருத்தம். இஸ்கூல் அல்ல, ஸ்கூல். நாக்கை 'ஸ்' என்ற ஒலியிலேயே தொடங்குங்கள். தண்ணீர் உங்கள் பள்ளிக்குப் பிறகு எங்கே போனது என்று கேட்க நேரம் போதவில்லை, வருந்துகிறேன்.'

"நாப்பது வருசம்" என்றார் ராத்தா. "ஒராள் சிரிக்காமத் திருத்துறதுக்கு."

அவர் அழுகிறார் என்று தெரிந்தது. நானும்தான். பின்னால் இரைச்சல் கூடியது. அவர் தொலைபேசியை வைக்காமலே வகுப்பின் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், உரத்த குரலில் கேட்டார்: "உங்கள் ஸ்கூலின் பெயர் என்ன?"

முதலில் ஒருவரும் பேசவில்லை. பிறகு எங்கோ பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமியின் குரல் வந்தது. "மை இஸ்கூல்..." என்று தொடங்கியது.

ஒருவரும் சிரிக்கவில்லை. ராத்தா, "யெஸ், சொல்லுங்க" என்றார்.